புது வண்டி எடுத்திருக்கிறீர்களா? இன்ஜினும் கியர்பாக்ஸும் செட் ஆகும் வரை ஓட்டும் முறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது வண்டி வாசலுக்கு வந்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பதற்குள் யோசனைகள் வந்து குவிந்துவிடும். "நாற்பதைத் தாண்டாதே" என்பார் பெரியப்பா. "முதல் நாளே முறுக்கி ஓட்டு, அப்போதான் பிக்கப் வரும்" என்பான் பக்கத்து வீட்டுத் தம்பி. ஷோரூமில் கேட்டால், "இப்போ வர்ற வண்டிக்கு அதெல்லாம் தேவையில்ல சார்" என்று சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். முதல் 1000 கிலோமீட்டரில் இன்ஜினைக் கெடுப்பது வேகம் மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓட்டுவதும், டாப் கியரில் திணறவிடுவதும் அதே அளவுக்குக் கெடுதல். கார், பைக், ஸ்கூட்டர் எடுத்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

இந்தக் காலத்து இன்ஜினுக்கும் ரன்னிங்-இன் (செட் ஆகும் வரை பக்குவமாக ஓட்டுவது) தேவையா?

தேவை. முன்பு இருந்த அளவுக்கு இல்லை, அவ்வளவுதான். உதிரிபாகங்களைக் கடைந்து எடுக்கும் துல்லியம் இன்று வெகுவாகக் கூடிவிட்டது. சிலிண்டரின் உட்சுவரில் உள்ள கூர்மையான மேடுகளில் பெரும்பகுதியைத் தொழிற்சாலையிலேயே நீவி எடுத்துவிடுகிறார்கள். ஆனாலும் எந்த நிறுவனமும் "எடுத்த நிமிடமே எப்படி வேண்டுமானாலும் ஓட்டுங்கள்" என்று எழுதிக் கொடுப்பதில்லை. டொயோட்டா கார்களின் கையேடுகளில் முதல் 300 கிலோமீட்டருக்குச் சடன் பிரேக் வேண்டாம், முதல் 1000 கிலோமீட்டருக்கு அதிவேகமும் திடீர் முறுக்கலும் வேண்டாம், நீண்ட நேரம் ஒரே வேகத்தில் ஓட்டவும் வேண்டாம் என்று இருக்கும். சுசூகி கையேடுகளில் இதே அறிவுரை 960 கிலோமீட்டருக்கு. வார்த்தை மாறினாலும் சாரம் ஒன்றுதான்.

உங்கள் வண்டியின் கையேட்டில் இதற்கென்று ஒரு பக்கம் கட்டாயம் இருக்கும். டேஷ்போர்டு பெட்டியில் பாலித்தீன் உறை பிரிக்காமல் கிடக்கும் அந்தப் புத்தகத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். நான் சொல்வதும் அதில் இருப்பதும் மாறுபட்டால், அதில் இருப்பதையே பின்பற்றுங்கள்.

இன்ஜின் செட் ஆவது என்கிறார்களே, உள்ளே என்ன நடக்கிறது?

புது சிலிண்டரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் உட்சுவர் கண்ணாடி மாதிரி இருக்காது. குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் ஓடும். உட்சுவரைத் தேய்க்கும் ஹோனிங் கல்லை மேலும் கீழும் சுழற்றி வேண்டுமென்றே போட்ட கோடுகள் அவை. அந்தப் பள்ளங்களில்தான் ஆயில் தங்கும். கோடுகளுக்கு நடுவே நிற்கும் நுண்ணிய மேடுகள் மீது, பிஸ்டனைச் சுற்றியுள்ள உலோக வளையமான பிஸ்டன் ரிங் உரசி உரசி, மேடும் தேயும், ரிங்கின் விளிம்பும் அந்தச் சிலிண்டரின் வடிவத்துக்கு ஏற்பத் தேய்ந்து பொருந்தும். இரண்டும் பொருந்திய பிறகுதான் எரிந்த வாயு கீழே கசியாமல் பிஸ்டனை முழு பலத்தோடு தள்ளும்.

ரிங் தன் சொந்த ஸ்பிரிங் பலத்தால் மட்டும் சுவரை அழுத்துவதில்லை. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் வாயு அழுத்தம், ரிங்கின் மேலேயும் பின்னாலேயும் புகுந்து அதை வெளிப்பக்கம் தள்ளுகிறது. இன்ஜின் உழைத்தால்தான் அந்த அழுத்தம் வரும். முதல் மாதம் முழுக்க உருட்டிக்கொண்டே போனால் ரிங் சுவரோடு சரியாக உட்காராது. கொஞ்சம் கொஞ்சமாக ஆயில் எரிந்து, அந்தக் கோடுகளை வார்னிஷ் போல அடைத்துவிடும். மெக்கானிக்குகள் "கிளேஸ் ஆயிடுச்சு" என்று சொல்வது இதைத்தான். அப்படி ஆன சிலிண்டரைத் திறந்தால் உட்சுவர் பளபளவென்று முகம் பார்க்கும் அளவுக்கு இருக்கும். பார்க்க அழகு, ஆனால் ஆயில் குடிக்கும், இழுக்காது. திரும்ப ஹோனிங் போட்டு, ரிங் மாற்றினால்தான் சரியாகும்.

அதே சமயம், புது மேடுகள் உரசும் இடத்தில் சூடு அதிகம். அந்த நிலையில் முழுதாக முறுக்கினால் சில இடங்களில் ஆயில் படலம் அறுந்து உலோகமும் உலோகமும் நேரடியாகத் தேய்ந்து கீறல் விழும். அதனால்தான் உழைக்கவும் விட வேண்டும், இடையிடையே ஆறவும் விட வேண்டும்.

சரி, 40-ஐத் தாண்டக் கூடாது என்பது எங்கிருந்து வந்தது?

பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. அவர்கள் ஓட்டியது ஜாவா, எஸ்டி, ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகள். அதில் பிஸ்டனுக்குப் போகும் ஆயில் பெட்ரோலோடு கலந்து வருவதுதான். புது வண்டியை நெடுநேரம் விரட்டினால் பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டரோடு கவ்விக்கொள்ளும். போய்க்கொண்டிருக்கும்போதே பின்சக்கரம் சிக்கி வண்டி தேய்த்துக்கொண்டு நிற்கும். அந்த அனுபவம்தான் "நாற்பது" என்ற விதியாக நிலைத்துவிட்டது.

இன்றைய ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் பம்ப் இருக்கிறது, பலவற்றில் கூலண்ட்டும் இருக்கிறது. வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது. இரண்டாவது கியரில் 40-ல் போவதும் ஐந்தாவது கியரில் 40-ல் போவதும் இன்ஜினுக்கு ஒன்றா? முன்னதில் இன்ஜின் சுலபமாகச் சுழலும். பின்னதில் சுழற்சி குறைந்து, பாரம் ஏறி, கட்டிக் கட்டி இழுக்கும். மைலேஜ் வரும் என்று டாப் கியரை அவசரமாகப் போட்டுத் திணறவிடுவது நம் ஊரில் சாதாரணமாகப் பார்க்கும் பழக்கம். புது இன்ஜினின் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் அதைவிடத் தொல்லை வேறில்லை.

அப்படியானால் எப்படித்தான் ஓட்டுவது?

இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று காட்டும் டாக்கோமீட்டர் இருந்தால் அதைப் பாருங்கள். சிவப்புக் கோடு 10,000-ல் தொடங்கும் பைக் என்றால், முதல் சில நூறு கிலோமீட்டருக்கு 5,000 முதல் 6,000 வரை போதும். 6,500-ல் சிவப்பு தொடங்கும் காருக்கு 3,000 முதல் 3,500. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகலாம். 1000 கிலோமீட்டரை நெருங்கும்போது எப்போதாவது ஒருமுறை சில நொடிகள் மேல் வரம்பைத் தொட்டுவிட்டு இறங்கினால் குற்றமில்லை. டாக்கோமீட்டர் இல்லாத வண்டியில் முறுக்கும் அளவை வைத்துக் கணக்கிடுங்கள்: பாதி வரை சரி, முழுதாக வேண்டாம்.

முக்கியமானது ஏற்ற இறக்கம். சீராக வேகம் கூட்டுங்கள், அப்புறம் ஆக்சிலேட்டரை விட்டு இன்ஜின் பிரேக்கிங்கிலேயே வேகம் குறைய விடுங்கள். வேகம் கூட்டும்போது ரிங் சுவரை அழுத்தும். விடும்போது சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகி ஆயில் மேலே இழுக்கப்படும், தேய்ந்த துகள்களைக் கழுவும், சூட்டையும் தணிக்கும். இரண்டு மூன்று கியர்களில் இப்படி மாற்றி மாற்றி ஓட்டக் கிராமத்துச் சாலைகள் அருமை. ஊருக்கு ஊர் ஸ்பீட் பிரேக்கரும் வளைவும் இருப்பதால் கியர் தானாகவே மாறிக்கொண்டிருக்கும்.

முதல் நாளிலிருந்தே விரட்டினால்தான் பவர் வரும் என்கிறார்களே?

இந்தக் கட்சிக்காரர்களின் வாதத்தில் ஒரு பாதி சரியானது. ரிங் உட்கார அழுத்தம் வேண்டும், அதுவும் சுவரின் மேடுகள் தேயாமல் இருக்கும் தொடக்கத்திலேயே வேண்டும். அதை மறுக்க முடியாது. ஆனால் வண்டியில் இருப்பது ரிங் மட்டுமல்ல. கேம், பேரிங், கியர் பற்கள், கிளட்ச் எல்லாமே புதுசு. பந்தய இன்ஜினைச் செய்பவர்கள் அப்படி ஓட்டிவிட்டுச் சில மணி நேரத்தில் கழற்றிப் பார்ப்பார்கள், ஆயிலை உடனே மாற்றுவார்கள். நாம் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓட்ட வண்டி வாங்குகிறோம். மிதமான பாரத்தோடு, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, மாறி மாறி ஓட்டினாலே ரிங்குக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் போவதில் எனக்கு லாபம் தெரியவில்லை.

டெலிவரி எடுத்த கையோடு குலதெய்வம் கோயிலுக்குப் போகலாமா? 600 கிலோமீட்டர்!

சென்னையில் வண்டி எடுத்து நேராகத் திருச்செந்தூருக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. தடை இல்லை. ஆனால் நான்குவழிச் சாலையில் 90-ல் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் காலை அசைக்காமல் போகாதீர்கள், குரூஸ் கண்ட்ரோலையும் தொடாதீர்கள். 70-க்கும் 90-க்கும் நடுவே ஏற்றி இறக்குங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை டீக்கடை பார்த்து நிறுத்துங்கள். பைக்காக இருந்தால், அதுவும் ஏர்-கூல்டு இன்ஜினாக இருந்தால், இன்னும் அடிக்கடி நிறுத்துங்கள். முதல் 100, 200 கிலோமீட்டரை ஊருக்குள்ளேயே ஓட்டி முடித்துவிட்டு வார இறுதியில் கிளம்பினால் இன்னும் நல்லது. சாமி கோபித்துக்கொள்ளாது.

காலையில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் அப்படியே ஓட விடுவது நல்லதா?

வேண்டாம். ஆயில் மேலே ஏற அரை நிமிடம் போதும். அப்புறம் மெதுவாகக் கிளம்பி, முதல் சில கிலோமீட்டர் மென்மையாக ஓட்டினால் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்தே சூடாகும். ஐடிலில் நிற்கும்போது கியர்பாக்ஸ் ஆயில் சரியாகச் சூடாகாது, ரிங்குக்கும் அழுத்தம் இல்லை. நின்ற இடத்தில் "வ்ரூம் வ்ரூம்" என்று முறுக்குவது சுத்தமாக வேண்டாம்.

கியர்பாக்ஸுக்கும் ரன்னிங்-இன் உண்டா? எல்லோரும் இன்ஜினைப் பற்றியே பேசுகிறார்களே.

உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் வருத்தம். புது கியர்களின் பற்கள் முழு அகலத்துக்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை. சில இடங்கள் உயர்ந்து நிற்கும், மொத்த பாரமும் அங்கே விழும். மிதமான பாரத்தில் ஓடும்போது அந்த உயரங்கள் நீவி, தொடும் பரப்பு விரிந்துகொண்டே போகும். அதற்குள் முழு பலத்தையும் ஏற்றினால் பல்லின் மேற்பரப்பில் பொடிப்பொடியாகக் குழி விழத் தொடங்கும். நாளாக நாளாக அது ஊளைச் சத்தமாக வெளியே வரும். பின்சக்கரம் இழுக்கும் ஜீப், வேன், மினி லாரி வகைகளில் பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கு இது இன்னும் பொருந்தும். அங்குள்ள கியர்கள் சறுக்கிக்கொண்டே சுழல்பவை, புதிதில் நன்றாகச் சூடாகும். தொடக்கத்தில் டிரெய்லர் கட்டி இழுக்காதீர்கள் என்று கையேடு சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேனுவல் காரில், கியர் மாறும்போது பற்களின் வேகத்தைச் சமமாக்கும் சிங்க்ரோனைசர் வளையங்களும் பழக வேண்டும். காலையில் இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். இடித்துத் தள்ளாதீர்கள். கிளட்சை முழுதாக மிதித்து, நியூட்ரலில் கண நேரம் தாமதித்து, சீரான அழுத்தத்தோடு போடுங்கள். பைக்கில் கியர் பாதியில் நின்று நழுவும் தொல்லைக்கு, அரைகுறையாகத் தட்டுவதுதான் பெரும்பாலும் காரணம். லிவரை முழுதாக மேலே தூக்குங்கள், முழுதாகக் கீழே மிதியுங்கள்.

கிளட்சுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: ஹாஃப் கிளட்சில் ஊர்ந்துகொண்டே இருக்காதீர்கள். கத்திப்பாராவில் மாலை ஆறு மணிக்கு இது கஷ்டம்தான். முன்னால் இடைவெளி விழும் வரை நியூட்ரலில் நின்று, அப்புறம் ஒரே தடவையில் நகருங்கள். புது பிளேட் கருகினால் மேற்பரப்பு வழுவழுப்பாகி, அதன் பிறகு கிளம்பும்போதெல்லாம் உதறும்.

ஆட்டோமேட்டிக் காருக்கும் ஸ்கூட்டருக்கும் என்ன செய்வது?

ஏ.எம்.டி. (ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்) என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் நமக்குப் பதில் ஒரு கருவி இயக்குகிறது, அவ்வளவே. மேட்டில் ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தி வண்டியைப் பிடித்து நிறுத்தினால் உள்ளே கிளட்ச் தேய்ந்துகொண்டிருக்கும். பிரேக்கையோ ஹேண்ட் பிரேக்கையோ பயன்படுத்துங்கள். டபுள் கிளட்ச் வகைக்கும் இதே எச்சரிக்கை. புதிதில் கியர் மாறும்போது தலை ஆடுவது போலத் தோன்றும். கட்டுப்பாட்டுக் கணினி கிளட்ச் பிடிக்கும் இடத்தைப் பழகப் பழக ஓரளவு குறையும்.

ஸ்கூட்டரில் பெல்ட்டும் ரோலரும் இருப்பதால் கியர் போடும் வேலை இல்லை. பின்சக்கரத்தருகே ஒரு சின்ன கியர் பெட்டி இருக்கிறது, அதற்குத் தனி ஆயில் உண்டு. பல சர்வீஸ் இடங்களில் இதை மறந்துவிடுவார்கள். கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் நீங்களே கேட்டு மாற்றச் சொல்லுங்கள்.

முதல் ஆயிலை 300 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடலாமா?

முதல் சர்வீஸில் வடிக்கும் ஆயிலை ஒருமுறை வெயிலில் வைத்துப் பாருங்கள். டிரேயைச் சாய்த்தால் சாம்பல் நிறத்தில் மினுமினுவென்று ஒரு மெல்லிய ஓட்டம் தெரியும். வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதன் நுனியில் கரிய பசை மாதிரி ஒட்டியிருக்கும். செட் ஆகும்போது தேய்ந்த உலோகம் அது, பயப்பட வேண்டாம். கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும் செதில்களோ துண்டுகளோ இருந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

பைக்கில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் பொதுவாக ஒரே ஆயில். மூன்றின் துகளும் அதிலேயே சேர்கிறது. அதனால் முதல் சர்வீஸைத் தள்ளிப்போடவே கூடாது. 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் எது சொல்லப்பட்டிருக்கிறதோ அந்த வரம்பில் முடித்துவிடுங்கள், ஃபில்டரும் மாற்றப்பட்டதா என்று பில்லில் பாருங்கள். காரில் நிலைமை வேறு. ஹோண்டா போன்ற நிறுவனங்கள், குறித்த நேரம் வரும் வரை முதல் ஆயிலை மாற்றாதீர்கள் என்றே கையேட்டில் எழுதியிருக்கின்றன. பல கார்களின் முதல் இலவச சர்வீஸில் ஆயில் மாற்றமே இருக்காது, சோதனை மட்டும்தான். ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை போட வேண்டாம், அட்டவணையைப் பாருங்கள்.

ஆயில் வாங்கும்போது ஒரு கவனம்: கியர் பைக்குக்கு டப்பாவில் ஜாசோ (ஜப்பானியத் தர அளவு) எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்க வேண்டும். கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருட்கள் ஆயிலில் நனைந்தே ஓடும் பைக்கின் ஈரக் கிளட்சை வழுக்க வைத்துவிடும். ஸ்கூட்டருக்கு எம்.பி.

பைக்கின் முதல் சர்வீஸில் வேறு என்ன பார்க்கச் சொல்ல வேண்டும்?

செயின் தளர்ந்திருக்கும். கிளட்ச் கேபிளும் கொஞ்சம் நீண்டிருக்கும். வால்வுகள் தம் இருக்கையில் நன்றாகப் பதிந்திருக்கும் என்பதால் டேப்பட் இடைவெளியும் (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி) மாறியிருக்கும். டேப்பட்டை இன்ஜின் ஆறிய பிறகுதான் அளக்க முடியும். எனவே வண்டியை முந்தைய நாள் மாலையிலேயே விட்டுவருவது நல்லது.

மைலேஜ் குறைவாக இருக்கிறது, ஆயில் அளவும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கோளாறா?

ரிங் முழுதாகப் பொருந்தும் வரை இரண்டும் சகஜம். மைலேஜ் சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகுதான் நிலைப்படும். ஆனால் ஆயில் அளவை வாரம் ஒருமுறை நீங்களே பாருங்கள். பைக் என்றால் பல வண்டிகளுக்கு நேராக நிறுத்தித்தான் பார்க்க வேண்டும், சைடு ஸ்டாண்டில் சாய்த்துப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் அன்றே சர்வீஸ் சென்டருக்குப் போய்விடுங்கள். முதல் சில நாட்கள் சைலன்சர் பக்கமிருந்து வரும் லேசான கருகல் வாடை, தொழிற்சாலையில் பூசிய பாதுகாப்புப் பூச்சு எரிவது. அது தானாக நின்றுவிடும்.

பி.எஸ்.-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார், அதில் டர்போ. தனியாக ஏதாவது?

ஸ்டார்ட் செய்த உடனே முறுக்காதீர்கள், டர்போ தண்டுக்கு ஆயில் போய்ச் சேரட்டும். நெடுஞ்சாலையில் விரட்டி வந்து டோல் பிளாசா ஓட்டலில் டக்கென்று அணைக்காதீர்கள், ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, தொடர்ச்சியான ஓட்டம் வேண்டும். தினமும் பள்ளிக்கூடம் வரை இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் ரன்னிங்-இன்னும் நடக்காது, ஃபில்டரும் அடைக்கும்.

கொல்லிமலை, ஆள் பாரம், டபுள்ஸ்?

இருவர் போவதில் பிரச்சினை இல்லை. காரில் ஏழு பேரும் மேலே மூட்டையுமாக, 70 கொண்டை ஊசி வளைவு ஏறுவதை முதல் சர்வீஸுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். போகத்தான் வேண்டும் என்றால் கியரை முன்கூட்டியே இறக்குங்கள், திணறிய பிறகு இறக்காதீர்கள். இறங்கும்போதும் அதே கியர். பிரேக் பேடும் டிஸ்க்கும் இன்னும் பொருந்தியிருக்காது, டயரும் புதிதில் வழுக்கும். முதல் 200, 300 கிலோமீட்டர் முன்வண்டிக்கு இடைவெளி கூடுதலாக விடுங்கள்.

பழைய பைக்குக்குப் போர் போட்டு (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி), ஓவர்சைஸ் பிஸ்டன் மாற்றியிருக்கிறேன். இதற்கும் இதே முறையா?

இதற்குத்தான் கவனம் அதிகம் வேண்டும். லேத் பட்டறையில் போடும் ஹோனிங் தொழிற்சாலை அளவுக்கு நீவியதாக இருக்காது, மேடுகள் கூர்மையாக இருக்கும். பூட்டும் முன் சிலிண்டரைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினார்களா என்று கேளுங்கள். பெட்ரோல் விட்டுத் துடைத்தால் ஹோனிங் கல்லின் பொடி கோடுகளுக்குள்ளேயே தங்கிவிடும், அது ரிங்கை அரைத்துவிடும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். முதல் ஆயிலை இங்கே 200, 300 கிலோமீட்டரிலேயே மாற்றுங்கள், விலை குறைந்த மினரல் ஆயிலே போதும். சூடு ஏறுகிறதா என்று தொடக்கத்தில் பத்து, பதினைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

மின்சார ஸ்கூட்டர் எடுத்திருக்கிறேன், இதெல்லாம் எனக்கு உண்டா?

பிஸ்டனும் ரிங்கும் இல்லாததால் பெரும்பகுதி உங்களுக்குப் பொருந்தாது. பேட்டரியைப் பழக்க வேண்டியதும் இல்லை. டயரும் பிரேக்கும் எல்லா வண்டிக்கும் பொது, முதல் சில நூறு கிலோமீட்டர் அவற்றை மனதில் வைத்து ஓட்டுங்கள். பெல்ட் அல்லது செயின் வழியாகச் சக்கரத்தை இழுக்கும் மாடலாக இருந்தால், முதல் சர்வீஸில் அதன் இறுக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.